சிவப்புத் துண்டும் ஒரு வாக்கியமும்

நான் வாக்கியம் எழுதுகிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். கேட்டவர்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டைப்பிங்கா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்துவிட்டு டைப்பிங் என்று எப்படி விட்டுக்கொடுப்பது? அதனால் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் நின்று விளக்குவேன்.

கண்டோன்மென்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ். போனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆப் ஒன்றுக்காக ஏழு பேர் வேலை செய்கிறோம். காலையில் ஆளுக்கொரு ஆங்கிலச் சொல் வரும். அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனை வரிசை போட்ட ஒரு ஷீட்டும் வரும். ஒவ்வொரு வரிசையிலும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், பக்கத்துக் கட்டத்தில் அதே வாக்கியம் தமிழில். சென்னையில் இருக்கும் டீம் லீடர் மேடம் அதைப் படித்துப் பார்ப்பார். பிடித்திருந்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. பச்சையானதை ஒரு பெண் குரல் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் வாசித்து ஆப்பில் ஏற்றிவிடும்.

பெரிய சொற்கள் வந்த நாள் எங்களுக்கு லேசான நாள். பன்னிரண்டு எழுத்துள்ள சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்கும். ஒரு வாக்கியத்தில் வேலை முடியும். சின்னச் சொற்கள்தான் ஆளைக் கொல்லும். டேக், கெட், செட், ரன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். 'ரன்' வந்த அன்று ஷீட்டைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன், முடிகிற வழியாக இல்லை. மனுஷன் ஓடுவது ஒன்று. பஸ் ஓடுவது, குழாயில் தண்ணீர் வருவது, மூக்கு ஒழுகுவது, கடை நடத்துவது, வீட்டில் சாமான் தீர்ந்துபோவது, காய்ச்சல் அடிப்பது, தேர்தலில் நிற்பது, துணியில் சாயம் இறங்குவது என்று எல்லாவற்றுக்கும் அந்த மூன்றெழுத்தையே வைத்துக்கொண்டு எப்படித்தான் அவர்கள் பேசிக்கொள்கிறார்களோ என்று தோன்றியது. சாயந்தரம் ஆவதற்குள் எனக்குக் கால் வலித்தது. நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை, ஆனாலும் வலித்தது.

வேலையில் சேர்ந்த புதிதில் என் வாக்கியங்கள் எல்லாம் சிவப்பாகத் திரும்பி வந்தன. நான் கல்லூரியில் படித்த மாதிரி எழுதியிருந்தேன். மாணவன் பள்ளிக்கு ஓடினான். ஆறு மலையிலிருந்து ஓடி வருகிறது. ஒருநாள் வீடியோவில் மேடம் சலித்துக்கொண்டார். "ஏம்மா, இதையெல்லாம் எந்த மனுஷன் பேசறான்? உங்க வீட்ல நடக்கறதை எழுது. பேரு, ஊரு, சாமி, கட்சி எதுவும் வரக்கூடாது. மத்தபடி உன் வீடுதான் உனக்கு டிக்‌ஷனரி."

எனக்கு அது பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் மேலூர் போகிற ரோட்டில், ஒரே அறையும் சமையல் இடமுமாக இருக்கும் வாடகை வீடு. அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். அம்மா தில்லை நகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா. வாக்கியத்துக்கா பஞ்சம்? விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு சர்க்கரை தீர்ந்துவிட்டது தெரிந்து, அப்பா கொடியில் துணி எடுக்கப் போகிறவர் மாதிரிப் பின்பக்கமாக நழுவிக் கடைக்குப் போனதை எழுதினேன். பச்சை. குழாயில் காற்று மட்டும் வருவதை அம்மா காது வைத்துக் கேட்பதை எழுதினேன். பச்சை. மற்ற ஆறு பேருக்கும் நாளுக்குப் பத்துச் சிவப்பு வந்தால் எனக்கு ஒன்று வரும், சில நாள் அதுவும் வராது. பக்கத்து நாற்காலிக்காரி என் ஷீட்டை எட்டிப் பார்ப்பாள். நான் மறைக்கவும் மாட்டேன், சொல்லிக்கொடுக்கவும் மாட்டேன்.

அம்மா போனில் அந்த ஆப்பை நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பரும் போனில் என் படமும் தெரியும். ஆனால் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் குரல் வரும், அம்புக்குறியைத் தொட்டால் அடுத்த வாக்கியம் வரும் என்று ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. ஆங்கிலம் கற்றுக்கொண்டதா என்று கேட்டால் இல்லை. தமிழ்க் குரலைத்தான் கேட்கும். "இது நீ எழுதினதா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும். ஆமாம் என்றால் இன்னொரு தடவை தொட்டுக் கேட்கும். நான் எழுதாததற்கும் சில சமயம் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சொந்தப் பெரியம்மா இல்லை. அம்மாவோடு அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர், அம்மாவைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அம்மா அவரை அக்கா என்று கூப்பிடும், அதனால் எனக்குப் பெரியம்மா. அவருக்கும் ஸ்ரீரங்கம்தான். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் காலையில் ஒரே பஸ்ஸில் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் பிடித்து ஒன்றாகப் போய் ஒன்றாக வருகிறவர்கள். அம்மாவுக்கு இரட்டை டூட்டி விழுகிற நாட்களில் எனக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. நான் படிக்கும்போது அவர் வீட்டு டி.வி.யை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். அவ்வளவு போதும்.

நான் எம்.ஏ. கடைசி செமஸ்டரில் இருந்தபோது அந்த ஆஸ்பத்திரியில் ஒன்று நடந்தது. ஆபரேஷன் தியேட்டர் துணிகளையும் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளையும் மொட்டை மாடியில் இருக்கும் துவைக்கிற மெஷினில் ஆயாக்கள்தான் போட்டு எடுப்பார்கள். சொந்தத் துணியை அதில் போடக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. அம்மாவிடம் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. சமயபுரத்துக்கு நடந்து போனபோது வழியில் வாங்கியது. வேலை செய்யும்போது அதைத் தலையில் கட்டிக்கொள்ளும். ஒருநாள் அந்தத் துண்டில் ஏதோ கறை பட்டுவிட, யாரும் பார்க்காத நேரத்தில் அதையும் கோட்டுகளோடு உள்ளே போட்டுவிட்டது. மெஷின் நின்ற பிறகு திறந்து பார்த்தால் கோட்டெல்லாம் ரோஸ்.

அம்மா துண்டை மட்டும் உருவிப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து மெஷினைத் திறந்தவர் பெரியம்மா. ஹெட் சிஸ்டர் கேட்டபோது அவர், நான் போடவில்லை என்று மட்டும் சொன்னார். யார் போட்டது என்றதற்குத் தெரியாது என்றார். யாரும் நம்பவில்லை. தியேட்டர் வேலையிலிருந்து அவரை எடுத்து, வார்டு பாத்ரூம் கழுவப் போட்டுவிட்டார்கள். அம்மா அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னது, முதல் நாள் அழுதுகொண்டு, பிறகொரு நாள் சிரித்துக்கொண்டு. "பெரிய டாக்டரு ரோஸ் கலர் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு பாரு, எனக்குப் பயமாவும் இருக்கு, சிரிப்பும் வருது." எனக்கும் சிரிப்பு வந்தது. உனக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன், வேலை போனால் உன் படிப்பு என்ன ஆகும் என்று அம்மா சொன்னதும் அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

'ரன்' ஷீட்டில் சாயம் இறங்குவதற்கான வரிசை வந்தபோது எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வேறு அர்த்தங்களுக்கெல்லாம் அரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இதை ஒரே மூச்சில் எழுதினேன். 'ஆயா தன் சிவப்புத் துண்டை டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளோடு சேர்த்துத் துவைத்தாள். சாயம் இறங்கி எல்லாக் கோட்டுகளும் ரோஸ் ஆகிவிட்டன.' மேடம் பச்சை அடித்ததோடு நிற்கவில்லை. மற்ற ஆறு பேருக்கும் அதை அனுப்பி, இப்படி எழுதுங்கள் என்று சொன்னார். அன்று முழுக்க நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கியத்தில் பேர் இல்லை, ஊர் இல்லை. விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது.

எழுதியதற்கும் ஆப்பில் வருவதற்கும் நடுவில் சில மாதம் ஆகும். அதற்குள் நான் டேக், கெட், பிரேக், ஃபால் என்று போய்க்கொண்டே இருப்பேன். எழுதியதெல்லாம் மறந்துபோகும். இது சாக்கு இல்லை. அந்த வேலை அப்படிப்பட்டது.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். சில சனிக்கிழமை நான் தில்லை நகர் போய் அம்மாவோடும் பெரியம்மாவோடும் சாப்பிடுவேன். மொட்டை மாடியில் மெஷின் இருக்கும் ஷெட்டை ஒட்டி ஆயாக்கள் சாப்பிடும் அறை. அன்று அவர்கள் இரண்டு பேரும் ஒரு சின்ன வயது நர்ஸும் இருந்தார்கள். நான் போய் உட்கார்ந்ததும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தது.

"இன்னைக்கு என்ன வார்த்தை வந்திருக்குன்னு பாருக்கா. எம் பொண்ணு எழுதினது."

"தினமும்தான் கேக்குறோம்," என்றார் பெரியம்மா. "சோத்தைத் தின்னவிடேன்டி."

"கேட்டுக்கிட்டே தின்னு. காதுலயா திங்கற?"

நர்ஸ் சிரித்தாள். அம்மா தொட்டது. எதிர்வீட்டுக்காரர் இட்லிக் கடை நடத்துகிறார் என்றது குரல். "அது உங்க எதுத்த வீட்டு ஆளுதானே?" என்றார் பெரியம்மா. "அவன் எங்க நடத்துறான், பொண்டாட்டி நடத்துறா. இவன் கல்லால உக்காந்து பேப்பர் படிக்கிறான். தப்பா எழுதியிருக்க பாரு." நான் சிரித்தேன். அடுத்து, ஞாயிற்றுக்கிழமை இந்த பஸ் ஓடாது. அடுத்து, சர்க்கரை தீர்ந்துபோன கதை. நர்ஸுக்குப் புரையேறியது. "அக்கா, இது உங்க வீட்டுக்காரருங்களா?" "பின்ன யாரு? எங்க வீட்டு மானத்தையெல்லாம் ஊருக்கே ஒப்பிச்சுட்டா," என்றது அம்மா. அதன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அடுத்தது குழாய். "இதுவும் நீங்க எழுதினதா? எப்படிங்க இப்படியெல்லாம் யோசிக்கிறீங்க?" என்று நர்ஸ் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதே 'ரன்' ஷீட்டில் நான் வேறு என்ன எழுதியிருந்தேன் என்று. அம்மாவின் விரல் அம்புக்குறிக்குப் போய்க்கொண்டிருந்தது. கையை நீட்டி, போதும்மா, சாப்பிடு என்று போனை வாங்கியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. ஆனால் நர்ஸ் கேட்டதற்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறந்திருந்தேன். எப்படி யோசிக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

குரல் முதலில் ஆங்கிலத்தில் சொன்னது. யாருக்கும் ஒன்றுமில்லை, நர்ஸ் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தாள். பிறகு தமிழில் சொன்னது, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வது போல. ஆயா. சிவப்புத் துண்டு. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு.

அம்மா அந்தத் துண்டைத்தான் தலையில் கட்டியிருந்தது.

அது முதலில் புரியாமல் சிரித்தது. இன்னொரு தடவை தொடக்கூடப் போனது. அப்புறம் கை அப்படியே நின்றுவிட்டது. நர்ஸ் அது நடந்தபோது அங்கே வேலையில் இல்லாதவள், "ஐயையோ, கோட்டெல்லாம் ரோஸா?" என்று சிரித்துவிட்டு, யாரும் சேர்ந்து சிரிக்காததால் கீழே யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்து போனாள். பெரியம்மா டப்பாவில் மீதியிருந்த இரண்டு வாய்ச் சோற்றையும் சாப்பிட்டார். டப்பாவைக் கழுவினார். மூடி போட்டார். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நல்லா எழுதியிருக்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று சாயந்தரம் அவர் அம்மாவுக்காக நிற்காமல் முன்னால் போய்விட்டார். பதினோரு வருஷத்தில் அது முதல் தடவை என்று அம்மா வீட்டுக்கு வந்ததும் சொன்னது. செருப்பைக் கழற்றாமலே சொன்னது.

"அதை ஏன்டி எழுதின?"

"பேரு போடலம்மா. யாருன்னு யாருக்குத் தெரியும்? லட்சம் பேரு கேப்பாங்க, ஒருத்தருக்கும் தெரியாது."

"லட்சம் பேரை வச்சு நான் என்னடி பண்ண? தெரியக் கூடாதவளுக்குத் தெரிஞ்சுபோச்சே."

"நீதான போட்டுக் காட்டின?"

"ஆமா. நாந்தான் போட்டுக் காட்டினேன். எம் பொண்ணு எழுதினதுன்னு போட்டுக் காட்டினேன்."

அதற்குப் பிறகு அம்மா அழுதது. நான் அழவில்லை. எனக்குக் கோபமாக இருந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது நீ, அதை வெளியே சொன்னதற்கு நான் குற்றவாளியா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் அந்த ஒரு வருஷமும் எனக்கும் தெரியும். அந்த ஒரு வருஷமும் நான் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை மேடத்துக்கு போன் செய்து அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன். "எதுக்கு? அது நல்ல வாக்கியமாச்சே," என்றார். சொந்தக் காரணம் என்றேன். "சொந்தக் காரணம்னு ஒரு கட்டம் இல்லையே. இருக்கற காரணத்துல ஒண்ணைப் போட்டு அனுப்பு." பட்டியலைத் திறந்து பார்த்தேன். காப்பி அடித்தது, இலக்கணத் தவறு, பிறர் மனதைப் புண்படுத்துவது, பொருள் தவறு. மனதைப் புண்படுத்துவது என்று போட்டால் யார் மனது என்று ஒரு கமிட்டி கேட்கும். பொருள் தவறு என்று போட்டேன். தப்பே இல்லாத வாக்கியத்துக்கு, நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியத்துக்கு, நானே தப்புப் போட்டேன். அந்த மாதம் என் கணக்கில் ஒரு சிவப்பு விழுந்தது. அதுவும் எனக்கு வலித்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அம்மாமண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. கதவு திறந்துதான் இருந்தது. தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வா என்றார். வழக்கமாக வாவுக்குப் பின்னால், சாப்பிட்டியா, ஏன் இளைச்சுட்ட என்று நாலு கேள்வி வரும். அன்று வா மட்டும்தான். நானாகவே உட்கார்ந்தேன். அவர் விரல் நுனியெல்லாம் வெடித்து வெள்ளையாக இருந்தது. ப்ளீச்சிங் பவுடர். ஒரு வருஷமாக அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டார். எனக்கு அது அன்றுதான் கண்ணில் பட்டது.

"மன்னிச்சுடுங்க பெரியம்மா. எழுதியிருக்கக் கூடாது."

"எழுதினதுக்கா மன்னிப்பு கேக்குற?"

நானும் ஒரு கைப்பிடி கீரையை எடுத்துக்கொண்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நடந்த அன்னைக்கே."

கீரைத் தண்டை ஒடித்துத் தனியாகப் போட்டார். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. இவளா இருக்குமோன்னு ஒருநாள் தோணுச்சு. சேச்சே, இவளா இருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாளான்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன்." அடுத்த தண்டை எடுத்துக்கொண்டே, "அதை இன்னொரு தடவை சொல்லு. நீ எழுதினதை," என்றார்.

"வேணாம் பெரியம்மா."

"சொல்லுங்கறேன்ல."

சொன்னேன். என் வாயால் சொல்லும்போது அது எனக்கே ரொம்பச் சின்னதாகக் கேட்டது. அவர் தலையை ஆட்டிக் கேட்டார்.

"ஆயா இருக்கா. துண்டு இருக்கு. கோட்டு இருக்கு, சாயம் இருக்கு. நான் எங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வாக்கியத்தில் அவ்வளவுதான் இடம், ஒரு அர்த்தத்துக்கு ஒன்றுதான், அதற்கு மேல் நீண்டால் மேடம் சிவப்பு அடிப்பார் என்பதெல்லாம் நாக்கு வரை வந்தது. வார்த்தை வைத்துப் பிழைக்கிறவள் நான். தரையில் கிடந்த கீரைத் தண்டுகளைப் பொறுக்கினேன்.

"சிரிப்பு வர்ற மாதிரி எழுதியிருக்க," என்றார் பெரியம்மா. "அந்தப் பொண்ணு சிரிச்சாளே. நானும் நடுவுல இருந்திருந்தா சிரிப்பு வந்திருக்காது, இல்ல?" பிறகு எழுந்து, கீரையை அலசப் போனார். நான் கிளம்பும்போது, "போயிட்டு வரேன் பெரியம்மா," என்றேன். "ம்," என்றார்.

அவர் கேட்டதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.  மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் நேராக ஹெட் சிஸ்டரிடம் போயிருக்கிறது. சிவப்புத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டே போயிருக்கிறது. அதை மேஜையில் வைத்து, "சிஸ்டர், அன்னைக்குக் கோட்டுல சாயம் இறங்கினது இதுதாங்க. போட்டது நாந்தாங்க. அக்கா போடல," என்று சொல்லியிருக்கிறது. ஹெட் சிஸ்டருக்கு எந்தக் கோட்டு என்றே முதலில் ஞாபகம் வரவில்லையாம். ஞாபகம் வந்ததும், "இப்ப வந்து சொல்றீங்க? அந்தக் கோட்டையெல்லாம் எப்பவோ மாத்தியாச்சும்மா. துண்டை எடுங்க முதல்ல, மேஜையில வைக்காதீங்க," என்றாராம்.

அம்மா விடவில்லை. அக்காவைத் தியேட்டருக்கு மாற்றுங்கள், என்னை பாத்ரூமில் போடுங்கள் என்று நின்றது. வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் இரண்டு நாள் பயந்தோம். அப்பா இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் புது டூட்டிப் பட்டியல் ஒட்டினார்கள். அம்மா கேட்டதில் பாதியைச் செய்திருந்தார்கள். அம்மாவை பாத்ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். தியேட்டரில் பெரியம்மா இருந்த இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஒரு பெண்ணை எடுத்துப் பழக்கியாயிற்று. அம்மா இடத்துக்கும் அவளே போதும் என்று முடிவாயிற்றாம். ஆகவே இப்போது பெரியம்மா முதல் மாடி பாத்ரூம், அம்மா தரைத்தளம். உண்மையைச் சொல்லி யாருக்கும் ஒன்றும் திரும்பி வரவில்லை. ஒரே ஒரு மாற்றம்தான். யார் போட்டது என்பது இப்போது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவின் விரலும் வெடிக்க ஆரம்பித்தது. கையுறை போட்டுக்கொள் என்றால் வழுக்குகிறது என்கிறது. நான் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன்.  ஆப்பை அது தன் போனிலிருந்து அழிக்கவில்லை, ஆனால் திறப்பதும் இல்லை.

ஆபீஸில் நான் வீட்டை எழுதுவதை நிறுத்திவிட்டேன். மாணவன் பள்ளிக்கு ஓடினான் என்றே எழுதுகிறேன். சிவப்பு வருகிறது. மாற்றி எழுதுகிறேன், மறுபடி வருகிறது. "என்னாச்சும்மா உனக்கு? நல்லாத்தானே எழுதிட்டு இருந்த?" என்று மேடம் கேட்டார். தலைவலி என்று சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரி இப்போது என்னைவிட அதிகம் பச்சை வாங்குகிறாள். அவளுடைய மாமியாரைப் பற்றி நிறைய எழுதுகிறாள். அது எங்கே போய் முடியும் என்று ஒருநாள் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். பிறகு, அவள் என்னைக் கேட்கவில்லையே என்று விட்டுவிட்டேன்.

காலையில் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். அந்த நேரத்துக்கு வேறு வண்டி இல்லை. ஸ்டாப்பில் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்களாம். அம்மாவுக்குச் சீட் கிடைத்தால் பெரியம்மா தள்ளிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்வார். நின்றுகொண்டு வருகிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது எங்கள் ஊர் பஸ்ஸில் வழக்கம். முகம் தெரியாதவரிடம்கூடக் கொடுப்பார்கள். பெரியம்மா தன் சாப்பாட்டுப் பையை அம்மாவைத் தாண்டி ஜன்னலோரம் இருக்கும் யாரோ ஒருத்தியிடம் கொடுப்பாராம். இதை அம்மா தினமும் வந்து சொல்லும். இன்றைக்கு ஒரு காலேஜ் பெண்ணிடம் கொடுத்தாள், இன்றைக்குப் பூக்காரியிடம் கொடுத்தாள் என்று.

போன வாரம் ஒருநாள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னது:

"காலைல பஸ்ஸுல சரியான கூட்டம். பாலத்துல வண்டி நின்னுபோச்சு. பையைக் கொடுத்தா."

"உங்கிட்டயா?"

"வேற யாருக்கும் கை எட்டல."

"ஏதாவது பேசினாங்களா?"

"என்னத்தைப் பேச? சத்திரம் வந்ததும் வாங்கிக்கிட்டு இறங்கிட்டா." அம்மா காலை நீட்டிக்கொண்டது. "சாம்பார் ஒழுகி எம் புடவையெல்லாம் கறை. டப்பா மூடி சரியில்ல, புதுசு வாங்கச் சொல்லணும்."